ஒரு குடைக்கு 214 விநாடி

பதினொன்று பதினேழுக்குக் கண்காணிப்பாளர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நாலு மணிக்குத் தலைமை ஆபீஸ்ல இருந்து தணிக்கை அதிகாரி வர்றார். கையில ஸ்டாப்வாட்ச். எந்த விசாரணையும் பத்து விநாடியைத் தாண்டக் கூடாது. தாண்டினா மூணாம் நம்பர் ஜன்னலை இன்னைக்கே மூடிடுவாங்க. அங்க உட்காருற அம்மாவைக் கிடங்குக்கு அனுப்பிடுவாங்க."

"கிடங்குல என்ன வேலை?" என்றாள் அண்ணி.

"ஒத்தைச் செருப்புக்கு ஜோடி தேடணும்."

"கிடைக்குமா சார்?" என்றான் கொழுந்தன்.

"இதுவரைக்கும் இல்ல."

அது தொலைந்த பொருள் அலுவலகம். ரயிலிலும் பஸ்ஸிலும் மக்கள் விட்டுவிட்டு இறங்கியவை எல்லாம் அங்கே வந்து சேரும். கண்காணிப்பாளரின் முதுகுக்குப் பின்னால் ஒரு அடுக்கு முழுவதும் கைத்தடிகள். கைத்தடியுடன் ரயில் ஏறியவர்கள் அது இல்லாமல் எப்படி நடந்து போனார்கள் என்பதை அந்த அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை.

அண்ணியின் தொழில் மந்தமான புரோகிராம்களைத் துப்பறிவது. ஊரெல்லாம் அவளுக்கு அண்ணிதான். கூடவே வரும் கணவனின் தம்பி அப்படிக் கூப்பிடுவதால் வந்தது. அவன் பதினொரு வருடம் லிஃப்ட் இயக்கியவன். லிஃப்ட் தானாகவே இயங்கக் கற்றுக்கொண்ட பிறகு அண்ணியிடம் சேர்ந்தான்.

"புகார் என்ன?"

கண்காணிப்பாளர் ஒரு கடிதத்தை நீட்டினார். பல்செட்டைப் பஸ்ஸில் விட்டவர் எழுதியது. வரிசையில் தனக்கு முன்னால் நின்றவருக்கு மட்டும் மூன்றரை நிமிடம் ஆனது என்றும், பல் இல்லாமல் தான் நின்றதாகவும் எழுதியிருந்தார்.

"எனக்கு அந்த அம்மா டைப் அடிக்கிறதுலதான் சந்தேகம்," என்றார் கண்காணிப்பாளர். "ஆனா சராசரி நாலு விநாடின்னுதான் காட்டுது. ஒண்ணும் புரியல."

"சராசரி வேண்டாம் சார். ஒவ்வொண்ணா கொடுங்க."

"சராசரில என்ன தப்பு?"

"எனக்குத் தலை நிறைய முடி," என்றான் கொழுந்தன். "எங்க அண்ணன் மொட்டை. சராசரி பார்த்தா ரெண்டு பேருக்கும் அரைத்தலை. அப்படி நாங்க வெளிய போக முடியுமா?"

கண்காணிப்பாளர் அண்ணியைப் பார்த்தார்.

"தலைமுடி விஷயத்துல அவன் சொல்றது சரி," என்றாள் அண்ணி.

மூன்றாம் எண் ஜன்னலில் எழுத்தர் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது. நிமிர்ந்த முதுகு. அவள் முன்னால் மேலே தூக்கும் கண்ணாடிச் சட்டம். தாழ்ப்பாள் உடைந்துவிட்டதால், சட்டம் இறங்கிவிடாமல் ஒரு குடையை நிறுத்தி முட்டுக் கொடுத்திருந்தார்கள். புதுத் தாழ்ப்பாள் கேட்டு எழுதிய விண்ணப்பத்தின் நகல் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தது. அதன் ஓரம் பழுப்பேறியிருந்தது.

அண்ணி கொஞ்ச நேரம் அவள் விரல்களைப் பார்த்தாள்.

"இவங்க இல்ல," என்றாள். "லிஃப்ட் பொத்தானை நீ அமுக்குறதைவிட வேகமா அடிக்கிறாங்க."

"நான் நிதானமா அமுக்குவேன் அண்ணி. மரியாதையான லிஃப்ட் அது."

அண்ணி புரோகிராமையும் நேற்றைய பதிவுகளையும் தன் மடிக்கணினியில் நகல் எடுத்தாள். காலியாக இருந்த கிடங்கு மேசை ஒன்றின் முன் உட்கார்ந்தாள். இருபுறமும் ஒற்றைச் செருப்புகள்.

"இப்ப என்ன பண்றோம்?"

"நேத்து முழுநாளையும் இங்க மறுபடி ஓட்டப்போறேன். அந்த அம்மா எந்தக் கீயை எப்ப தட்டினாங்களோ அப்படியே. புரோகிராம்ங்கிறது ஒரு ஆபீஸ் மாதிரி தம்பி. உள்ள நிறைய ஃபங்ஷன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. கூப்பிட்டா போகணும், வேலையை முடிக்கணும், பதிலோட திரும்பி வரணும்."

"பியூன் மாதிரி."

"திரும்பி வரணும்னு சொன்னேன்."

"சரி, பியூன் இல்ல."

"ஒவ்வொரு ஃபங்ஷன் வாசல்லயும் ஒரு காவல்காரனை உட்கார வைக்கிறேன். யார் எப்ப உள்ள போனாங்க, எப்ப வெளிய வந்தாங்க, கையில என்ன கொண்டு போனாங்க. எல்லாத்தையும் எழுதுவான்."

நேற்றைய நாள் ஓடியது. ஆள் இல்லாத இடைவெளிகளை அண்ணி வெட்டியிருந்தாள். தேடும்போதெல்லாம் மடிக்கணினியின் விசிறி இரைந்தது. சூட்கேஸ். இரைச்சல். கண்ணாடி. இரைச்சல். வலதுகைக் கையுறை. இரைச்சல்.

திடீரென்று விசிறி நின்றது. திரையில் 'தேடுகிறது' என்ற சொல் மட்டும் இருந்தது. அரை நிமிடம். ஒரு நிமிடம்.

"தொங்கிப்போச்சா?" என்றான் கொழுந்தன்.

"இல்ல."

"செத்துப்போச்சா?"

"விசிறியைக் கவனி. 'தேடுது'ன்னு சொல்லுது. ஆனா உடம்புல ஒரு துளி சூடு இல்ல. இது வேலை பார்த்து லேட் ஆகல தம்பி. வேலை பார்க்காம லேட் ஆகுது."

"இப்பதான் ஆபீஸ் மாதிரி இருக்கு."

மூன்றரை நிமிடம் கழித்து 'இல்லை' என்று வந்தது. விசிறி மறுபடி இரையத் தொடங்கியது.

காவல்காரர்களின் பட்டியலை அண்ணி திறந்தாள். நேற்று விசாரணைகள் அறுபத்திரண்டு. 'பதிவு செய்' என்ற ஃபங்ஷன் அறுபத்திரண்டு முறை அழைக்கப்பட்டிருந்தது. 'தேடு' அறுபத்தொரு முறை.

"ஒண்ணு குறையுது," என்றாள்.

"செருப்பா?"

அடுத்த வரியில் விரலை வைத்தாள். முப்பத்தெட்டு முறை அழைக்கப்பட்ட ஒரு ஃபங்ஷன். பெரும்பாலும் ஒரு விநாடி. ஒரே ஒரு முறை 213 விநாடி.

அதன் பெயர் 'மரியாதை'.

"யாருக்கு?" என்றான் கொழுந்தன்.

"பார்ப்போம். ஏதாவது தொலை."

"என்ன தொலைக்கட்டும்?"

"இங்க இருக்கவே முடியாத பொருளா சொல்லு."

அவன் யோசித்தான். "ரப்பர் வாத்து. மஞ்சள். ஒரு கண்ணு இல்ல."

அண்ணி தட்டினாள். ஒரு விநாடி. 'இல்லை.'

"மறுபடி கேளு."

"ஐயா, என் வாத்து?"

இரண்டு விநாடி. 'இல்லை.'

"அண்ணி, குழந்தை அழுது. கொஞ்சம் நல்லாப் பாருங்க."

மூன்று விநாடி. 'இல்லை.'

"அதே ஆள், அதே பொருள்," என்றாள் அண்ணி. "ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரு விநாடி கூடுது. அப்ப 213 விநாடி ஆன ஆள்..."

"இருநூத்திப் பதிமூணு தடவை வந்திருக்கான்!"

"வந்திருக்கார். அவ்வளவு தடவை வந்தா 'ர்' போடணும்."

அலுவலகத்தின் பழைய பதிவுகளைப் புரட்டினாள். கறுப்புக் குடை, வளைந்த கைப்பிடி, தேய்ந்த முனை. வேலை நாள் ஒவ்வொன்றிலும் மாலை நான்கு மணிக்கு ஒரு விசாரணை. ஒரு விநாடி, இரண்டு விநாடி, மூன்று விநாடி என்று படிப்படியாக ஏறிக்கொண்டே போனது. நடுவில் மூன்று நாள் மட்டும் இல்லை.

"மெஷினுக்கு வயசாயிருச்சோ அண்ணி?"

"மெஷின் இவ்வளவு ஒழுங்கா வயசாகாது."

"எங்க பெரியம்மாவும்தான். வருஷத்துக்கு ஒண்ணு குறையுறாங்க."

கைக்கடிகாரம் மேசைமேல் ஒன்று ஐம்பதைக் காட்டியது. கண்காணிப்பாளர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரியாதைன்னு ஒரு ஃபங்ஷன்," என்றாள் அண்ணி. "யார் எழுதச் சொன்னது?"

"எனக்கென்ன தெரியும்? புரோகிராம் எழுதினவன் ஆறு வருஷம் முன்னாடியே வேலையை விட்டுட்டான். இப்ப நீச்சல் கத்துக் கொடுக்கிறான்."

அவருக்கு அண்ணி போன் செய்தாள். மறுமுனையில் தண்ணீர்ச் சத்தம்.

"மரியாதையா?" என்றார் நீச்சல் ஆசிரியர். "ஐயோ, இன்னும் அது இருக்கா? மூச்சை வெளிய விடுங்க!"

"நானா?"

"நீங்க இல்ல மேடம், இங்க ஒருத்தர் மூழ்குறார். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். மேலிடத்து உத்தரவு. உச்சவரம்பு என்னன்னு கேட்டேன். அஞ்சு தடவைக்கு மேல யார் வரப்போறான்னு கேட்டாங்க. காலை உதைங்க! ஃபைல்ல இருக்கும் மேடம். பச்சை அட்டை. காலை!"

பச்சை அட்டை ஃபைல் கைத்தடிகளுக்குப் பின்னால் கிடைத்தது. கண்காணிப்பாளரே மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'இல்லை என்ற பதிலை உடனடியாகத் தெரிவிப்பது நாகரிகம் அன்று. பொருளை இழந்தவரின் மனம் ஆறும்பொருட்டு, தேடுவதுபோல் ஒரு விநாடி காத்திருந்து பதில் அளிக்கப்பட வேண்டும். அதே நபர் அதே பொருளுக்காக மீண்டும் வருந்தோறும், அவருடைய துயரத்தை மதித்து, ஒரு விநாடி கூட்டப்பட வேண்டும்.' கோமாளித்தனம்! எந்த முட்டாள் இதுல கையெழுத்து..."

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கையெழுத்து அழகா இருக்கு சார்," என்றான் கொழுந்தன்.

கண்காணிப்பாளர் உட்கார்ந்தார்.

"நான் மூணாம் ஜன்னல்ல வேலைக்குச் சேர்ந்த புதுசு," என்றார். "ஒருத்தர் வந்து தொப்பி காணோம்னார். இல்லைன்னேன். பட்டுன்னு சொல்லிட்டேன். உள்ள போய்ப் பார்க்காமலே எப்படிச் சொல்றேன்னு கையில இருந்த சூட்கேசைத் தூக்கி எறிஞ்சுட்டார். அந்த சூட்கேசைக் கண்டுபிடிச்சுக் கொடுத்ததே நான்தான். அதுக்கப்புறம் இங்க எல்லாரும் அப்படித்தான். இல்லைன்னு தெரிஞ்சாலும் உள்ள போவோம். தண்ணி குடிப்போம். தலையில கொஞ்சம் தூசியைத் தட்டிக்கிட்டுத் திரும்பி வருவோம். அப்புறம் இல்லைன்னு சொல்வோம். தூசியைப் பார்த்தா யாரும் சண்டை போட மாட்டாங்க."

"கம்ப்யூட்டர் வந்ததும் தூசிக்கு வழி இல்ல," என்றாள் அண்ணி.

"அதான் விநாடி."

அண்ணி பச்சை அட்டையை மூடினாள்.

"எடுத்துடலாமா சார்?"

"உத்தரவை ரத்து செய்ய ஒரு உத்தரவு வேணும்."

"போடுங்க."

அவர் வெள்ளைத்தாள் எடுத்தார். நாற்பது நிமிடம் எழுதினார். நான்கு முறை அடித்துத் திருத்தினார். கடைசியில் இரண்டு வரி எஞ்சியது. கையெழுத்துப் போட்டபோது மணி மூன்று பத்து.

அண்ணி புரோகிராமில் ஒரே ஒரு வரியை நீக்கினாள். ரப்பர் வாத்தைக் கேட்டாள். விரலை எடுப்பதற்குள் 'இல்லை' என்று வந்தது.

"ஒரு மாதிரி இருக்கு அண்ணி," என்றான் கொழுந்தன்.

"உனக்கு வாத்தே கிடையாது."

"இருந்தாலும், யோசிச்சாவது சொல்லியிருக்கலாம்."

கண்காணிப்பாளர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். "முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான். ஒரு கேள்வி சார். பதிவுல மூணு நாள் குடைக்காரர் வரல. அன்னைக்கு அந்த ஜன்னல்ல யாரு?"

"அந்த அம்மா லீவு போட்டிருந்தாங்க. நான்தான் உட்கார்ந்தேன்."

"அவர் வரவே இல்லையா?"

"வந்தாரே. குனிஞ்சு எட்டிப் பார்த்தார். போயிட்டார்."

"மூணு நாளுமா?"

"மூணு நாளும். நான் கடுமையாப் பார்ப்பேன்னு எல்லாரும் சொல்வாங்க."

அண்ணி எழுந்தாள். கொழுந்தனைச் சட்டைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"அறுபத்திரண்டு பேர் கேட்டாங்க. அறுபத்தொரு தடவைதான் 'தேடு' ஓடியிருக்கு. ஒருத்தருக்கு மட்டும் தேடவே இல்ல. நேரா 'இல்லை'. ஜன்னல்ல ஒன்பதாம் நம்பர் கீ அதுக்குத்தான். பொருள் இல்லைன்னு ஏற்கெனவே நிச்சயமாத் தெரிஞ்சா அதைத் தட்டலாம்."

"குடைக்காரருக்கா?"

"தினமும் அவருக்கு மட்டும். இன்னொண்ணு. அந்த 213 'இல்லை'யும் தொடங்குறதுக்கு முந்தின நாள்தான் அவர் முதல் தடவையா வந்திருக்கார். அந்த வரியை இப்பதான் பார்த்தேன். அன்னைக்கு மட்டும் தேடியிருக்காங்க. பதில் 'இருக்கிறது'."

கொழுந்தன் கிடங்குப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இருக்கிற குடை மறுநாள் எப்படி இல்லாம போச்சு? யாரும் வாங்கிட்டுப் போகல. கையெழுத்து இல்ல. கிடங்குல நான் பார்த்தாச்சு, இல்ல."

"திருட்டா?"

"வெளிய வரிசையில நிக்கிற மாதிரி நின்னு ஜன்னலைப் பாரு தம்பி."

அவன் பார்த்தான். கண்ணாடிச் சட்டம் பாதி உயரத்தில் நின்றது. அதைத் தாங்கிக்கொண்டு ஒரு கறுப்புக் குடை. வளைந்த கைப்பிடி மேலே. தேய்ந்த முனை கீழே, ஜன்னலுக்கு வெளியே நிற்பவரின் கைக்கு அருகில். கைப்பிடியில் அலுவலகத்தின் எண் சீட்டு இன்னும் கட்டியிருந்தது.

"அண்ணி," என்றான். "அந்த ஆள் தினமும் அதுக்கு முன்னாடி நின்னா..."

"213 விநாடி. மூக்குக்கு நேரா."

"கண்ணு தெரியாதவரா?"

"எட்டிப் பார்த்து சாரைக் கண்டதும் திரும்பிப் போனவர்."

மணி மூன்று நாற்பது. ஜன்னலில் கூட்டம் இல்லை. அண்ணி எழுத்தரின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். குடையைப் பார்த்தாள். எழுத்தரும் குடையைப் பார்த்தாள்.

"முதல் நாள் கொடுக்கத்தான் போனேன் மேடம்," என்றாள். "அடுக்கு பன்னிரண்டுன்னு ஸ்கிரீன்ல வந்துச்சு. பார்த்தா, காலையில தாழ்ப்பாள் உடைஞ்சப்ப அவசரத்துக்கு அடுக்குல இருந்து எடுத்த குடை இதுதான். எடுத்தா ஜன்னல் இறங்கிடும். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு முழிச்சேன். அவர் சொன்னார், 'இருக்கட்டும், ஜன்னல் மூடிடுமே, அவசரம் இல்ல, நாளைக்கு வர்றேன்'னு."

"நாளைக்கு வந்தார்."

"வந்தார். 'கறுப்புக் குடை'ன்னார். இருக்குன்னு சொன்னா வாங்கிக்கிட்டுப் போகணுமே. ஒன்பதைத் தட்டிட்டேன்."

"என்ன பேசுவீங்க ரெண்டு பேரும்?"

"ஒண்ணும் பேச மாட்டோம். 'தேடுகிறது'ன்னு இருக்கும். அதைப் பார்ப்போம். ஆரம்பத்துல ஒரு விநாடிதான். ஒரு விநாடியில என்ன பண்றதுன்னு தெரியல. இப்பதான் பழகிருக்கு."

கொழுந்தன் தரையைப் பார்த்தான்.

"அந்த வரியை எடுத்துட்டேன்மா," என்றாள் அண்ணி. "எடுக்கலேன்னா நாலு மணிக்கு உங்க ஜன்னல் போயிடும். போனா அவர் எந்த ஜன்னலுக்கு வருவார்?"

"தெரியும் மேடம்." எழுத்தர் விசைப்பலகையை நேராக்கினாள். அது நேராகத்தான் இருந்தது. "ஒன்பதாம் நம்பர் கீ விஷயம் ரிப்போர்ட்ல வருமா?"

அண்ணி பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். 'காரணம்: மரியாதை. நீக்கப்பட்டது' என்று எழுதி மடித்தாள்.

"ஒண்ணு குறையுதே அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"எண்ணுறதுல நான் கொஞ்சம் வீக்."

நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தணிக்கை அதிகாரி வந்தார். குள்ளமானவர். ஸ்டாப்வாட்ச் கழுத்தில் தொங்கியது. எழுத்தரின் தோளுக்குப் பின்னால் நின்று கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் கண்காணிப்பாளர். அவர் தலையில் கொஞ்சம் தூசி இருந்தது. ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

முதலில் ஒரு பெண், பச்சைச் சூட்கேஸ். 'இருக்கிறது.' அரை விநாடி. அடுத்து பல்செட்டுக்காரர். 'இருக்கிறது.' அரை விநாடி. அவர் வாங்கி, அங்கேயே போட்டுக்கொண்டு, நன்றி என்று தெளிவாகச் சொன்னார்.

"பிரமாதம்," என்றார் தணிக்கை அதிகாரி. "இன்னும் ஒண்ணு. பத்துக்குள்ள வந்தா ஜன்னலுக்கு நிரந்தர அனுமதி எழுதிடுவேன்."

குடைக்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். தலை படிய வாரியிருந்தது. இரண்டு முழங்கைகளையும் பலகைமேல் ஊன்றினார். வெகுநேரம் நிற்கப் போகிறவர் ஊன்றுவதுபோல் ஊன்றினார். குடையின் முனை அவர் சட்டையைத் தொட்டது.

"கறுப்புக் குடை," என்றார். "வளைஞ்ச கைப்பிடி."

எழுத்தர் தட்டினாள். கடைசியாக ஒன்பது.

'இல்லை.'

"பூஜ்யம் புள்ளி மூணு!" என்றார் தணிக்கை அதிகாரி. புத்தகத்தில் எழுதினார். அடிக்கோடிட்டார். கண்காணிப்பாளர் மூச்சு விட்டார். ஜன்னல் பிழைத்தது.

குடைக்காரர் திரையைப் பார்த்தார். 'தேடுகிறது' என்ற சொல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவர் எழுத்தரைப் பார்த்தார். அவள் ஒன்பதாம் எண்மேலிருந்து விரலை எடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். அவர் ஒரு முழங்கையை எடுத்தார். பிறகு இன்னொன்றை. ஒரு அடி நகர்ந்தார்.

கொழுந்தன் அண்ணியின் கையைக் கிள்ளினான். அண்ணி அசையவில்லை.

குடைக்காரர் திரும்பி வந்தார். முழங்கைகளை மறுபடி அதே இடத்தில் ஊன்றினார். தணிக்கை அதிகாரியின் கட்டைவிரல் பொத்தானுக்குப் போனது.

"வேற ஏதாவது தொலைச்சிருக்கேனான்னு கொஞ்சம் பாருங்களேன்?"